பாண்டியம்மாள் குளிக்கப் போகிறாள்

தாழ்ப்பாளை மூன்று தடவை ஆட்டிப் பார்ப்பாள். முதல் தடவை மெதுவாக, இரண்டாம் தடவை கொஞ்சம் அழுத்தி, மூன்றாம் தடவை கதவே கழன்று கையோடு வந்துவிடும் போல. அப்புறம் கதவைத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, வளவு முழுவதற்கும் பொதுவாக ஒரு குரல் கொடுப்பாள்.

"பாண்டியம்மா குளிக்கப் போறேன்! ஒரு மணி நேரத்துக்கு எவரும் கூப்புடாதீக. வீடு தீப்பிடிச்சாலும் கூப்புடாதீக. தண்ணி எங்கிட்டத்தான் இருக்கு, நானே அணைச்சுக்கிருவேன்."

வளவின் ஆறு வீட்டுக்கும் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் சொல்கிறாள். பிறகு தாழ் விழும்.

செவ்வாயும் வெள்ளியும் பகல் இரண்டு மணிக்கு இது நடக்கும். எங்கள் வளவில் மற்றப் பெண்கள் விடிவதற்கு முன்னாலேயே வைகைக்குப் போய், குளித்தோம் என்று பெயர் பண்ணிவிட்டு, ஈரச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிடுவார்கள். பட்டப்பகலில், வெந்நீரில், கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து குளிக்கிற பெண்பிள்ளை ஆரப்பாளையத்தில் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான். உட்கார்ந்து என்றால் பலகையில் அல்ல. தொட்டிக்குள்.

பாண்டியம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம். தண்டட்டி போட்டு வளர்ந்த காது. தண்டட்டி எப்போதோ போய்விட்டது, காது மட்டும் தோளைத் தேடிக்கொண்டு தொங்குகிறது. விடியற்காலையில் ஆலை வாசலில் பருத்திப்பால் விற்பாள். ஒன்பது மணிக்குள் பானை காலியாகிவிடும். "கொஞ்சம் கூட ஊத்து ஆத்தா" என்று கேட்கிறவனுக்கு ஊற்றுவாள். "கம்மியா ஊத்திட்டே" என்று சொல்கிறவனுக்கு ஊற்றமாட்டாள். புருஷன் கொழும்புக்குப் போனவன், திரும்பவில்லை. அதைப் பற்றி யாராவது துக்கம் விசாரித்தால், "அவன் போனான், நான் இருக்கேன். இருக்கிறவளைப் பத்திக் கேளுங்க" என்பாள்.

பருத்திப்பாலுக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் அவள் தல்லாகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு துரை பங்களாவில் வேலை பார்த்தாள். துரைசாணிக்கு வெந்நீர் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. தோட்டத்துக் கிணற்றில் இறைத்து, அண்டாவில் காய்ச்சி, வாளி வாளியாகச் சுமந்து தொட்டியை நிரப்பி, விரலை விட்டுச் சூடு பார்த்துவிட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். உள்ளே தாழ் விழும். ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கும். "இருபத்திரண்டு வருசம் தம்பி, அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தை நான் வெளியிலேருந்துதான் கேட்டேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

துரை குடும்பம் சீமைக்குப் புறப்பட்டபோது வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு சாமான் கேட்டுக்கொள்ளச் சொன்னார்களாம். சமையற்காரர் சுவர்க் கடிகாரம் கேட்டார். தோட்டக்காரர் கோட்டுக் கேட்டார். இவள் தொட்டியைக் கேட்டாள்.

"தொரைசாணி சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். ஆனா நான் வெளையாட்டுக்குக் கேக்கலை."

போன வருஷம் சித்திரைத் திருவிழா சமயம், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள், அதை நாலு ஆள் வைத்து வைகை மணலில் தூக்கி வந்தாள். ஆற்றுக்குள் பந்தல் பந்தலாகத் தண்ணீரும் மோரும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் வந்த ஜனங்கள் இதையும் மோர்த் தொட்டி என்று நினைத்து, சொம்பும் கையுமாகப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். "எந்தப் பந்தலுக்கு ஆத்தா போகுது?" என்று கேட்டவரிடம் பாண்டியம்மாள், "எந்தப் பந்தலுக்கும் இல்ல. இது நான் குளிக்கிற தொட்டி" என்றாள். அந்தக் கூட்டத்தில் நானும் சொம்போடு நின்றவன், என் காதால் கேட்டேன்.

தொட்டி ஒன்றும் அரண்மனைச் சாமான் இல்லை. துத்தநாகம் பூசிய தகரத்தில் செய்தது, ஆள் நீளத்துக்குச் சற்றுக் குறைவு. கால்மாட்டில் அடியில் தண்ணீர் போக ஒரு துவாரம், அதைச் சுற்றிப் பித்தளை வளையம், அதற்கு ஒரு கார்க்கு. அவ்வளவுதான். தன் வீட்டுப் பின்கட்டு அறையைக் காலி பண்ணி, சுவரோரமாக அதை நாலு செங்கல்மேல் ஏற்றி வைத்தாள். அந்த அறைக்குக் கதவு இல்லை. ஆசாரியைக் கூப்பிட்டு முதலில் கதவைப் போட்டாள். வளவுக் கிணற்றில் ஒரு சொட்டு எடுத்ததில்லை. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி முதல் நாள் சாயங்காலமே குடம் குடமாகச் சுமந்து மொடாவில் நிரப்பி வைத்துவிடுவாள். குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியாக அவளுடைய வாழைக்குப் போகும்.

தெரு சும்மா இருக்குமா? "பாண்டியம்மா தொரைசாணி ஆயிட்டாளப்பா" என்றார்கள். "ஆமா, ஆயிட்டேன், அதுக்கு என்னா இப்ப?" என்றாள். "உக்காந்த தண்ணியிலேயே உடம்பைக் கழுவுனா அழுக்கு எப்படிப் போகும்?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆத்துல எருமைக்குக் கீழ நின்னு குளிக்கிறியே, அப்ப மட்டும் போகுதோ?" என்றாள். நான் மரியாதையாகத்தான் கேட்டேன், எதற்காக இந்தத் தொட்டி என்று. அதற்கு மட்டும் நின்று பதில் சொன்னாள்.

"எட்டு வயசுல இருந்து ஆத்துல குளிச்சவ நான். நனைஞ்ச சேலையோட கரையேறையில பாலத்துமேல நிக்கிறவன் பாத்துக்கிட்டே இருப்பான். இருட்டோட போனா அவனும் இருட்டோட வருவான். முதுகு தேய்க்கணும்னா நாலு பக்கமும் பாக்கணும். கதவைச் சாத்திட்டுக் குளிக்கிறதுல ஒரு ருசி இருக்கு தம்பி. உங்களுக்கு அது தெரியாது. நீங்க நடுத்தெருவுல கோவணத்தோட குளிச்சாலும் ஒருத்தி திரும்பிப் பாக்க மாட்டா."

வெள்ளிக்கிழமைக் குளியல் முடிந்ததும் தொட்டிக்கு ஒரு குளியல் நடக்கும். எலுமிச்சம்பழம் அளவு புளியை உருட்டி எடுத்துக்கொண்டு, செங்கல் தூளைத் தொட்டுத் தொட்டு அந்தப் பித்தளை வளையத்தைத் தேய்ப்பாள். வளையம் பொன்னாட்டம் மின்ன வேண்டும். மின்னாவிட்டால் புளியை அதன்மேலேயே அப்பி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு மறுபடி தேய்ப்பாள். என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "பங்களாவுல இது கறுத்துப் போயிக் கெடந்துச்சு. எங்கிட்ட வந்தப்புறம் எப்படி இருக்கு பாரு" என்பாள்.

இனி என் அயோக்கியத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

வளவின் சொந்தக்காரர் சோணைமுத்து. பாண்டியம்மாள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. நடுவில் ஒரே சுவர். வத்தல் வியாபாரம். அந்தச் சுவரை ஒட்டித்தான் மூட்டை அடுக்குவார். இந்த வருஷம் கோடை விடுமுறை தொடங்கிய வாரம் மூட்டையை எடுக்கப் போனால், அடிமூட்டை பூசணம் பூத்துக் கிடந்தது. சுவரடி ஈரம். மனிதர் குதித்தார். குதித்தது நியாயம்தான். ஆனால் பாண்டியம்மாளிடம் தனியாகப் போய் நின்று பேச அவருக்குப் பயம். அதனால் ஆறு வீட்டுக்காரரும் சேர்ந்து எழுதியதாக ஒரு மனு தயார் பண்ணச் சொன்னார். எழுதத் தெரிந்தவன் வளவில் நான் ஒருவன், ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார். மழைக்கு முன்னால் என் வீட்டுக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றித் தருவதாக அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

திங்கட்கிழமை காலை எல்லாரும் கூடி நிற்க, அதை அவளுக்குப் படித்துக் காட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது.

"மேற்படி ஸ்திரீயானவர் ஆங்கிலேய பாணியில் ஸ்நானம் செய்து வருவதால் வளவின் சுவர்களுக்கும் சுகாதாரத்துக்கும் பங்கம் விளைந்து..." என்று ஆரம்பித்தேன்.

"ஸ்திரீங்கிறது ஆரு தம்பி?"

"நீங்கதான் அக்கா."

"மேற்படி?"

"அதுவும் நீங்கதான்."

"இம்புட்டுப் பேரு எனக்கு இருக்கா?" என்றாள். சிரிப்பு வந்தது எல்லாருக்கும். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டேன்.

சோணைமுத்து முடிவைச் சொன்னார். "வெள்ளிக்கிழமை பொழுது சாயிறதுக்குள்ள தொட்டி வெளிய போகணும் பாண்டியம்மா. இல்லேன்னா நீ போகணும். இதுல பேச்சே இல்ல."

"பேச்சு இருக்கு. உங்க சொவரு நனைஞ்சதுக்கு என் தொட்டிதான் காரணம்னு ஆரு கண்டாக? உங்க வீட்டுத் தொவைக்கிற கல்லும் அந்தச் சொவத்தை ஒட்டித்தான் கெடக்கு. அது ஒழுகலையா?"

"தொவைக்கிற கல்லு ஒழுகுமா? என்னா பேச்சு இது!"

"நாளைக்குச் செவ்வாய்க்கெழமை. தொட்டியில தண்ணிய நெரப்பி, துணிக்குப் போடுற நீலத்தைக் கரைச்சு விடுறேன். எல்லாரும் வந்து பாருங்க. என் தொட்டி ஒழுகுனா நீலமா ஒழுகும். வெள்ளையா ஒழுகுனா அது உங்க தண்ணி."

எனக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. என் வகுப்பில் ஒரு பயலுக்கும் இப்படித் தோன்றியிருக்காது, அவர்களுடைய வாத்தியாருக்கும் தோன்றியிருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை தொட்டி முக்கால்வாசி நீலமாக நிறைந்து நின்றது. ஆறு வீட்டு ஜனமும் சுற்றி நின்று அடியில் எட்டிப் பார்த்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு சொட்டு விழவில்லை. பாண்டியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாத்தாச்சா? நல்லாப் பாத்துக்கங்க. பின்னாடி பாக்கலைன்னு சொல்லக் கூடாது" என்று ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராகச் சொன்னாள். சோணைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தால் ஜெயித்திருப்பாள். ஆனால் அன்றைக்கு அவள் குளிக்கிற நாள். பத்துக் குடம் தண்ணீரை வீணாகக் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. நீலமானால் என்ன என்று, இரண்டு மணிக்கு வெந்நீரை அதிலேயே கலந்து, தாழ்ப்பாளை மூன்று தடவை ஆட்டி, குரல் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

மூன்று மணிக்குச் சோணைமுத்து வீட்டிலிருந்து ஒரு கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தோம். சுவரடியில் நீலம். கோடு கிழித்த மாதிரி, ஒரு முழ நீளத்துக்கு. பாண்டியம்மாளும் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். நரைத்த தலையின் நுனியெல்லாம் லேசாக நீலம் பாரித்திருந்தது.  அவளே குனிந்து, விரலால் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆமா. என் தண்ணிதான்" என்றாள்.

அந்தச் சுவரடியில் ஒரு பழைய சாக்கு நாலாக மடித்துக் கிடந்தது. நனைந்து பிழிந்து காய்ந்து, மறுபடி நனைந்த சாக்கு. ஒவ்வொரு தடவையும் யாரோ துடைத்திருக்கிறார்கள். பாண்டியம்மாள் சாக்கைப் பார்த்தாள், பிறகு சோணைமுத்துவின் மனைவி அழகம்மாளைப் பார்த்தாள். அழகம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். பேசவே பேசாத பெண்மணி அவள். பாண்டியம்மாளிடம் உறை மோர் கடன் கேட்க வரும்போதெல்லாம் பின்கட்டுக் கதவருகே கொஞ்சம் அதிகமாக நிற்பாள் என்று மட்டும் என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

"ஒத்துக்கிட்டியா? அப்ப தொட்டியத் தூக்கு" என்றார் சோணைமுத்து.

"ஒழுகுனதை ஒத்துக்கிட்டேன். தூக்குறேன்னு ஆரு சொன்னா? ஒழுகுனா அடைக்கணும். வாத்தியாரு வீட்டுக் கூரை அஞ்சு வருசமா ஒழுகுது. வீட்டைப் பேத்து ஆத்துல போட்டுட்டீகளா?"

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். ஒரு சொட்டு ஒழுகுனாலும் ரெண்டும் வெளிய" என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலை காஜிமார் தெருவிலிருந்து முகம்மது கனி வந்தார். தகர வேலைக்காரர். விளக்கு, புனல், எண்ணெய்க் குடுவை எதற்கும் ஈயம் வைப்பார். தொட்டியைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். விளிம்பு, மூட்டு, மூலை எல்லாம் தடவினார். தண்ணீரை நிரப்பிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"ஒழுகலையே ஆத்தா."

"நேத்துக் காலையிலயும் ஒழுகலை பாய். மத்தியானம் ஒழுகுச்சு." பாண்டியம்மாள் யோசித்தாள். "நான் எறங்குனாத்தான் ஒழுகுது. சும்மா நின்னா ஒழுகலை. உள்ள ஒரு ஆள் உக்காரணும்."

"நீங்க உக்காருங்க."

"நீங்க கீழ படுத்துப் பாக்க, நான் மேல உக்காந்து குளிக்கவா? நல்லா இருக்கே!"

அம்மிக்கல்லை இறக்கிப் பார்த்தார்கள். அது நடுவில் உட்கார்ந்துகொண்டு பிரயோசனப்படவில்லை. நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டியம்மாள் திரும்பினாள்.

"தம்பி, மனு எழுதுன கை ஆரோட கை?"

"என்... கைதான்."

"அந்தக் கையோட உள்ள எறங்குங்க."

வேட்டி துண்டோடு இறங்கினேன். என் முகத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, இரண்டு குடம் வெந்நீரை விட்டாள். நீர் இடுப்புக்கு ஏறி, விலாவுக்கு ஏறி, தோளைத் தொட்டது. காலை நீட்டினேன். முதுகு தகரத்தில் சாய்ந்தது. வாசகர்களிடம் ஒளிப்பானேன்? நல்ல சுகம். முப்பத்தாறு வருஷம் குளித்திருக்கிறேன் என்று நினைத்திருந்தது பொய் என்று தோன்றியது. கண்ணை மூடப் போனேன். அதற்குள் கீழே இருந்து கனி பாய் கத்தினார்.

"வருது! வருது! அசையாதீங்க சார்! காலை இன்னும் கொஞ்சம் அமுக்குங்க. ஆங், ஆங், அம்புட்டுத்தான். புடிச்சேன்!"

பித்தளை வளையத்தைச் சுற்றித்தான். ஆள் உட்கார்ந்ததும் தகரம் பாரத்தில் கொஞ்சம் தாழ்கிறது. வளையம் தாழ மாட்டேனென்கிறது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை அளவு வாய் திறக்கிறது. எழுந்தால் மூடிக்கொள்கிறது. நான் எழுந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, அவர் வளையத்தைக் கழற்றி எடுத்தார். அடியில் தகரம் வட்டமாக அரித்து, எலி கொறித்த அப்பளம் போல இருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"ஆத்தா, இதைத் தண்ணி தின்னலை. புளி தின்னிருக்கு. பித்தளைக்குப் புளி நல்லதுதான். இந்தத் தகரத்துக்கு அது விசம். வளையத்துக்கு அடியில எறங்கி ஊறிக்கிட்டே இருந்திருக்கு."

 மாடத்தில் வெள்ளிக்கிழமைக்கென்று உருட்டி வைத்திருந்த புளி இருந்தது. பாண்டியம்மாள் அதை எடுத்துக் கையில் உருட்டினாள்.

"தொரைசாணி சொல்லுச்சு தம்பி. 'பாண்டி, புளி போடாதே, சோப்பு மட்டும்'னு ஒரு நூறு தடவை சொல்லிருக்கும். இருபத்திரண்டு வருசம் அது சொன்னபடிதான் கழுவுனேன். எங் கைக்கு வந்ததும், இனிமே ஆரு என்னையக் கேக்குறது, இது எம் பாத்திரம், நான் புளி போட்டுத்தான் தேய்ப்பேன்னு தேய்ச்சேன். வீம்புக்குத் தேய்ச்சேன். அது சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு."

 நான் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றேன். கனி பாய்தான், "போகட்டும் ஆத்தா. தெரிஞ்சா தேய்ச்சீங்க? அல்லா புண்ணியத்துல ஓட்டை சின்னதுதான்" என்றார்.

"சின்னதோ பெருசோ, அடைங்க. எம் வீம்புல விழுந்த ஓட்டை. அதுக்காகத் தொட்டிய விட்டுருவேனா?" என்றாள் பாண்டியம்மாள். புளியை என் கையில் திணித்தாள். "உங்க வீட்டுல ரசம் வைக்கச் சொல்லுங்க."

கனி பாய் அரித்த தகரத்தை வட்டமாக வெட்டி எடுத்தார். புதுத் தகரத்தில் ஒரு ஒட்டு வெட்டி, நவச்சாரம் தேய்த்து, கரி அடுப்பில் காய்ச்சிய கோலால் ஈயத்தை உருக்கிச் சுற்றிலும் இழுத்தார். வளையத்துக்கு அடியில் விளக்கெண்ணெயில் ஊறின தோலை வட்டமாக வைத்து முறுக்கினார். தகரம் இனிமேல் தாழக் கூடாது என்று தொட்டிக்கு அடியில் குறுக்காக ஒரு வேப்பம்பலகையைச் சொருகச் சொன்னவள் பாண்டியம்மாள். "நல்ல யோசனை ஆத்தா, எங்கூட வேலைக்கு வாரீகளா?" என்று கேட்டார் பாய். "வரமாட்டேன். எனக்குக் குளிக்க நேரம் வேணும்" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வழக்கத்தைப் போல இரண்டு பங்கு தண்ணீர் சுமந்ததைப் பார்த்தேன். இரண்டு மொடா நிறைந்து, இன்னொன்றை என் வீட்டிலிருந்து இரவல் வாங்கினாள். சோதனைக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்குச் சோணைமுத்து நாலைந்து ஆண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் கையில் நான் எழுதிய மனு. பாண்டியம்மாள் தொட்டிக்கு அடியில் அடுப்புச் சாம்பலைச் சலித்து மெத்தென்று பரப்பி வைத்திருந்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் குழி விழும். தொட்டி முக்கால்வாசி நிறைந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"தண்ணி மட்டும் நின்னாப் பத்தாது. போன தடவை நீ எறங்கினப்பத்தானே ஒழுகுச்சு? சேலையோட எறங்கி உக்காரு. நாங்க இப்படியே நின்னு பாக்குறோம்" என்றார் சோணைமுத்து.

அவள் முகம் மாறியது. "மாட்டேன்."

"சேலையோடதான் உக்காரச் சொல்றேன்."

"எப்படி உக்காந்தாலும் மாட்டேன். நாலு ஆம்பளை பாக்கக் குளிக்கிறதுன்னா எனக்கு ஆறு இல்லையா? எதுக்கு இந்தத் தொட்டி? நீங்க தொட்டிய ஒடைச்சு ரோட்டுல போடுங்க, என்னையும் வெளிய போடுங்க. ஆனா நீங்க நின்னு பாக்க நான் இதுல எறங்க மாட்டேன்."

"அப்ப நான் உக்கார்றேன்" என்றேன் நான். மறுபடி உட்கார எனக்கு ஆசையும் இருந்தது.

"நீங்க எப்ப இருந்து அந்தப் பக்கம், வாத்தியாரே? மனுவுல மொத எழுத்து உங்க எழுத்து. ஆத்தாதான் உக்காரணும். இல்லேன்னா தூக்குங்கப்பா தொட்டிய" என்றார் சோணைமுத்து.

இரண்டு பேர் தொட்டியின் விளிம்பில் கை வைத்தும் விட்டார்கள். பாண்டியம்மாள் நகரவில்லை. ஓட்டையை அடைத்தும் தொட்டி போகத்தான் போகிறது என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது யாருடைய குரல் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

"நான் நம்ம வீட்டுச் சொவத்துக்கிட்ட உக்காந்து பாக்குறேன். அது கதவைச் சாத்திட்டுக் குளிக்கட்டும்."

அழகம்மாள். கணவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். சோணைமுத்து திகைத்துப் போனார். மற்றவர்கள், "நல்லதுதானப்பா, உன் வீட்டுல சொன்னா நாங்க நம்புறோம்" என்றார்கள். தன் மனைவியின் சொல்லை நம்பமாட்டேன் என்று நாலு பேர் முன்னால் அவரால் சொல்ல முடியவில்லை. எல்லாரும் வெளியே வந்தோம்.

தாழ்ப்பாள் மூன்று தடவை ஆடியது. கதவு திறந்தது. தலை நீண்டது.

"பாண்டியம்மா குளிக்கப் போறேன்!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தாழ் விழுந்தது.

வெயிலில் நின்றோம். உள்ளே தண்ணீர் சலசலத்தது, அவசரமில்லாத சலசலப்பு. சோணைமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று தடவை தம் வீட்டுக்குள் போய், அழகம்மாளைத் தாண்டிக் கையை நீட்டிச் சுவரடியைத் தாமே தடவிப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று தடவையும் விரலில் வெறும் சுண்ணாம்புத் தூள்தான் இருந்தது. ஒரு மணி நேரம் முழுசாக ஆன பிறகு கதவு திறந்தது. பாண்டியம்மாள் காய்ந்த சேலையோடு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து ஒதுங்கி நின்றாள்.

"போயிப் பாருங்க."

சோணைமுத்து மண்டி போட்டுத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டார். சாம்பல் காலையில் பரப்பியபடியே கிடந்தது. நம்பாமல் ஊதிப் பார்த்தார். மீசையெல்லாம் சாம்பல்.

"காஞ்சு கெடக்கு" என்றாள் அழகம்மாள், வாசலில் வந்து நின்று. "சொவரும் காஞ்சு கெடக்கு."

"சரி, சரி. இருந்துட்டுப் போகட்டும்" என்று முனகிக்கொண்டே எழுந்தார்.

"அந்தக் காயிதத்தை இங்கிட்டுக் குடுங்க" என்றாள் பாண்டியம்மாள். வாங்கி, நேரே தன் வெந்நீர் அண்டா அடுப்புக்குப் போய் விறகுக்கு நடுவில் செருகினாள். என் எழுத்து நன்றாகவே எரிந்தது. அண்டா நிறைய மறுபடியும் தண்ணீர் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கார்க்கைப் பிடுங்கிப் பழைய தண்ணீரை வாழைக்கு விட்டாள். தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மொடாத் தண்ணீரை ஊற்றினாள், வெந்நீரை ஊற்றினாள், விரலை விட்டுச் சூடு பார்த்தாள்.

"இப்பத்தானே குளிச்சே? மறுபடி ஆருக்கு வெந்நி?" என்று கேட்டார் சோணைமுத்து.

 அழகம்மாள் தன் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். கையில் மடித்த மாற்றுச் சேலை. எங்கள் யாரையும் பார்க்காமல் எங்கள் நடுவிலேயே நடந்து, அந்த அறைக்குள் போனாள். பாண்டியம்மாள் வெளியே வந்தாள்.

"ஏ அழகம்மா! ஏய்! எங்க போறே? எனக்குக் காப்பித்தண்ணி ஆரு போடுறது?"

உள்ளே தாழ்ப்பாள் ஆடியது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை கதவே அதிர்ந்தது. பிறகு தாழ் விழுந்தது.

பாண்டியம்மாள் அந்தக் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, எங்கள் பக்கமாகக் காலை நீட்டினாள்.